பேசுகிற வேலை

ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அவரைத் தெருவில் எல்லோரும் ஃபோர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். சலவை இயந்திரத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். யார் வீட்டிலாவது இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டால் நின்று காது கொடுப்பார். தன் காலத்து இயந்திரமாக இருந்தால் முகம் மலரும். புதியதாக இருந்தால், "சத்தமே இல்ல, இது என்னத்த துவைக்கப் போகுது" என்று நடையைக் கட்டுவார்.

மகள் வீட்டுக்குப் பின்னால் மூன்று கொட்டகைகளில் காளான் வளர்த்தாள். அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை. மருமகனுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மாடி அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கார் மோதியவர்கள், கூரை ஒழுகுகிறவர்கள், குழாய் வெடித்துக் கம்பளம் நனைந்தவர்கள் என்று நாள் முழுக்க யாருடனாவது பேசிக்கொண்டிருப்பான். ஃபோர்மேனுக்கு ஜீரணமாகாதது அதுதான்.

"என் மக விளைவிக்கிறா, சாப்பிடலாம். நான் மெஷின் செஞ்சேன், துவைக்கலாம். நீங்க என்ன மாப்ள செய்றீங்க?" என்று ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கேட்டே விட்டார்.

"பேசுறேன் மாமா."

"அதத்தான் கேக்குறேன். பேசி முடிச்சதும் கையில என்ன இருக்கு?"

"என் கையில ஒண்ணும் இருக்காது. எதிர்ல பேசினவருக்கு மனசுல கொஞ்சம் நிம்மதி இருக்கும்."

"அந்த நிம்மதிய எந்த லாரியில ஏத்துவீங்க?"

மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, நாம இருக்கிற இந்த மாதிரி வளர்ந்த நாட்டுல இப்ப நூறு பேர் வேலை செஞ்சா எழுபது எண்பது பேர் என்ன மாதிரிதான். டீச்சர், நர்ஸ், பேங்க்காரர், பஸ் ஓட்டுறவர், முடி வெட்டுறவர். தொழிற்சாலையில இருபது பேர் இருந்தாலே பெரிசு. விவசாயத்துல ரெண்டு பேர். அதுல ஒருத்தி உங்க பொண்ணு."

"ரெண்டே பேரா?"

"அதான் எனக்கு லீவே கிடைக்க மாட்டேங்குது" என்றாள் மகள், ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே.

"நாடு வளர வளர அப்படித்தான் ஆகும் மாமா."

"எண்பது பேர் உக்காந்து பேசிட்டிருந்தா நாடு எப்படி மாப்ள ஓடும்?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரொட்டியை எடுத்துக் கடித்தார் ஃபோர்மேன்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. சனிக்கிழமை காலை இரண்டாவது கொட்டகையின் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு மட்டும் கண்சிமிட்டியது. கொட்டகை முழுக்க, அடுக்கடுக்கான தட்டுகளில், பறிக்கத் தயாராகக் காளான்கள் குண்டு குண்டாக நின்றன. சூடு ஏறினால் அவை மூடிய மொட்டாக நிற்காது. குடை விரித்துவிடும். விரிந்ததைப் பல்பொருள் அங்காடிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மகள் பதறினாள். ஃபோர்மேனுக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். எத்தனை மாதமாயிற்று ஒரு இயந்திரத்தைத் திறந்து!

"நீ போய்ப் பறிக்கிறதப் பறி. அப்பா இருக்கேன்ல."

கருவிப் பெட்டியோடு போய் மூடியைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கையளவு பச்சைப் பலகை ஒன்று, அதிலிருந்து கொத்தாக ஒயர்கள். முடுக்க ஒரு திருகு இல்லை, தட்ட ஒரு தகடு இல்லை. முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கடைசியில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இயந்திரத்தில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடி, அவருடைய பொறுமை முக்கால்வாசி தீர்ந்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "சார், விளக்கு எத்தன தடவ சிமிட்டுதுன்னு சொல்றீங்களா?"

"சிமிட்டுறத எண்ணுறதுக்கா நான் போன் பண்ணேன்? நாங்க செஞ்ச மெஷின்ல எது கழண்டாலும் கண்ணுக்குத் தெரியும். நீங்க உள்ள ஒண்ணுமே வைக்காம வித்துட்டு, பேசுறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்க!"

"சார், நான் உதவி பண்ணத்தான்..."

"ஆள அனுப்பும்மா!"

"மெக்கானிக் திங்கட்கிழமைதான் சார் வர முடியும்."

ஃபோர்மேன் அதற்குமேல் என்னென்னவோ சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டித்தும் விட்டார். திரும்பினால் மகள் நின்றிருந்தாள். கையிலிருந்த காளானின் அடிப்பக்கத்துத் தோல், குடை விரியப்போவதற்கு அடையாளமாக, லேசாகக் கிழியத் தொடங்கியிருந்தது.

"திங்கட்கிழமையா? அதுக்குள்ள எல்லாம் போயிடும்ப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அவருக்கு யாரோ மண்டையில் தட்டியது போல இருந்தது. "அந்தப் பொண்ண... நான் கொஞ்சம் கத்திட்டேன்மா" என்றார்.

மகள் வீட்டுப் பக்கம் திரும்பி, "என்னங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

விடுமுறை நாளென்று தலைகூடச் சீவாமல் இருந்த மருமகன் அப்படியே இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டான். அதே எண்ணுக்குப் போட்டு, ஒலிபெருக்கியை அமுக்கி, பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றான். சனிக்கிழமையென்பதால் ஆள் குறைவு போலிருக்கிறது, அதே பெண்தான் எடுத்தாள்.

"வணக்கங்க. காலையிலேர்ந்து எத்தன பேர் உங்ககிட்ட கத்தினாங்க?"

எதிர்முனை கொஞ்சம் தயங்கியது. "வெயில் காலம் சார். நிறைய பேர். இப்பதான் ஒரு பெரியவர் பிடி பிடின்னு பிடிச்சாரு."

"அவர் எங்க மாமாதாங்க. பக்கத்துலதான் இருக்காரு."

ஃபோர்மேன் கூரையைப் பார்த்தார். போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நானும் போன்ல திட்டு வாங்குற வேலைதாங்க, காப்பீட்டுல" என்றான் மருமகன். "விளக்கு நாலு தடவ சிமிட்டுது. விட்டு விட்டு மறுபடி நாலு."

"நாலா? அப்ப பலகையில கோளாறு இல்ல சார். வெளிப்பக்கம் இருக்கற விசிறி சுத்தலன்னு அர்த்தம். சூடாகி, தன்னைத்தானே பூட்டிக்கிச்சு. யாராவது விசிறியக் கழட்டிப் பாக்க முடியுமா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் ஃபோர்மேன் கொட்டகையின் பின்பக்கம் போயிருந்தார். அங்கே திருகு இருந்தது. கூண்டைக் கழற்றினால், வைக்கோல் தூசியும் பஞ்சும் சேர்ந்து விசிறியின் அச்சில் கயிறாகத் திரிந்திருந்தன. கத்தியால் அறுத்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார். விரலால் சுண்ட, விசிறி சுழன்றது.

"ஆச்சு மாப்ள!"

"இப்ப ஓரத்து பட்டன் ரெண்டையும் சேத்து அமுக்கிப் பிடிங்க சார். பச்சை வர்ற வரைக்கும் விடாதீங்க" என்றாள் அந்தப் பெண். மகள் அமுக்கினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தார்கள். பச்சை வந்தது. உள்ளே மெல்ல ஓர் உறுமல் கேட்டது. மகள் "ஐயோ, வந்துடுச்சு!" என்று கத்தியதில் எதிர்முனைக்காரிக்குக் காது அடைத்திருக்கும்.

ஆனால் அதற்குள் மேல்தட்டுக் காளான்கள் பாதி விரிந்துவிட்டிருந்தன. மருமகன் மாடிக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஊரிலுள்ள ஹோட்டல் சமையலறைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். விரிந்த காளானில்தான் மணம் அதிகம், சூப்புக்கு அதுதான் தோது என்று அவன் விளக்குவதை ஃபோர்மேன் வாசலில் நின்று கேட்டார். மூன்றாவது ஆள் மசிந்தார். பிறகு இன்னும் இருவர்.

மகள் பெட்டிகளில் அடுக்க அடுக்க, ஃபோர்மேன் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். ஒரு சமையல்காரம்மா பெட்டியைத் திறந்து முகர்ந்து, "இந்த மாதிரி அடுத்த வாரமும் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"அத எங்க மாப்ளகிட்ட பேசிக்குங்க. பேசுறதுல அவர்தான் எங்க வீட்டுல கெட்டி" என்றார் ஃபோர்மேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்ததை அவரே கவனித்தார்.

மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் மறுபடி அந்த எண்ணுக்குப் போட்டார். பாட்டு முழுவதையும் கேட்டார். அவள்தான் எடுத்தாள்.

"காளான் கொட்டகைம்மா. நேத்து கத்தினேனே, அந்தக் கிழவன்."

"மறுபடி நின்னுடுச்சா சார்?"

"நல்லா ஓடுது. ஒரு கோளாறும் இல்ல. நேத்து பேசினது தப்புன்னு சொல்லத்தான் போன் பண்ணேன். மனசுல வெச்சுக்காதம்மா."

எதிர்முனையில் மெல்லிய சிரிப்பு கேட்டது.

"கோளாறே இல்லாம இந்த நம்பருக்கு யாரும் கூப்பிட்டதே இல்ல சார்" என்றாள் அவள்.

"சரி, உங்க மேலதிகாரிகிட்ட குடு."

"சார், எதுக்கு?"

"குடும்மா, சொல்றேன்."

மேலதிகாரி வந்தார். ஃபோர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். விளக்குச் சிமிட்டலை வைத்தே கோளாறைப் பிடித்ததையும், திட்டு வாங்கியும் குரல் மாறாமல் பேசியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மேலதிகாரி இடையிடையே "அப்படிங்களா, அப்படிங்களா" என்றார். அவரும் இதற்குமுன் இப்படி ஓர் அழைப்பை எடுத்திருக்க மாட்டார் போலிருந்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மருமகன் கதவருகே நின்றிருந்தான். ஃபோர்மேன் அசடு வழிந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க மாப்ள?"

"மேலதிகாரி வந்ததுலேர்ந்து மாமா. தொண்ட கட்டியிருக்குமே, தண்ணி தரட்டுமா?"

"தாங்க" என்றார் ஃபோர்மேன். பிறகு இருவரும் கூடைகளை எடுத்துக்கொண்டு, மூன்றாவது கொட்டகையில் மகளோடு காளான் பறிக்கப் போனார்கள்.