இடது மட்கார்டு

செத்துப்போன ஒரு சிறுமி வருடா வருடம் எடை கூடிக்கொண்டிருந்த விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது ஒரு பழைய தோட்ட டிராக்டரின் எஞ்சின்தான். மனிதர்களுக்கு அது புரிய வெகு காலம் பிடித்தது. ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நாற்றுப்பண்ணைக்காரர் வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. கொட்டகையிலிருந்து மேட்டுப் பாத்திகளுக்குச் செடித் தொட்டிகளை ஒரு சின்ன டிரெய்லரில் இழுத்துப் போவதுதான் அதன் பிழைப்பு. அவருடைய ஒரே மகள் நடை பழகிய நாளிலிருந்து அந்த வண்டியின் இடது மட்கார்டில் உட்கார்ந்து, அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டுதான் மேட்டுக்குப் போவாள். ஆள் அவ்வளவு சின்னது என்பதால் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. செடிகளுக்குத் துக்கம் தெரியாது, அவை பாட்டுக்குத் தண்ணீர் கேட்டன. மறுவாரம் நாற்றுப்பண்ணைக்காரர் மறுபடியும் வண்டியை எடுத்தார்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டில் இரண்டாவது கேட்டது. பெட்ரோலில் கலப்படம் என்று நினைத்து, தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் நிதானமான ஆள். முதலில் காற்று, பிறகு பெட்ரோல், பிறகு நெருப்பு என்று வரிசையாகத்தான் பார்ப்பார். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைக்கவில்லை. கார்புரேட்டரில் தூசி இல்லை. பிளக் நன்றாக எரிந்த பழுப்பு நிறத்தில் இருந்தது. சைலன்சரைக் கழற்றித் தட்டினார், பெல்ட்டை இறுக்கினார், பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்று சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். அவரே ஓட்டிப் பார்த்தபோது வண்டி நிறைந்த டிரெய்லரோடு மேட்டில் ஜோராக ஏறியது. நாற்றுப்பண்ணைக்காரர் ஏறி உட்கார்ந்ததும் திணறியது. அண்ணன் சதை போட்டுவிட்டார் என்று மெக்கானிக் கேலி செய்தார். மகள் போனபின் அண்ணன் பாதியாக இளைத்து, சட்டை தோளில் நிற்காமல் இருந்தது உடனே உறைத்ததும், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஒவ்வொரு வருடமும் இழுவை கொஞ்சம் குறைந்தது. மெக்கானிக்குக்கு இது மானப்பிரச்சினை ஆகிவிட்டது. எஞ்சினை முழுதாகப் பிரித்து, பிஸ்டன் ரிங் மாற்றி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்துப் பூட்டினார். கம்ப்ரஷன் புது எஞ்சினைப்போல் இருந்தது. அப்போதும் மேட்டில் அதே திணறல். அன்றுதான் அவர் வண்டியோடு கூடவே நடந்துபோய்ப் பார்த்தார். யாரும் உட்காராத இடது மட்கார்டு கீழே அழுந்தியிருந்தது, இடது டயர் பிதுங்கியிருந்தது. இறங்கச் சொன்னார், நாற்றுப்பண்ணைக்காரர் இறங்கியதும் டயர் நிமிர்ந்தது. பழைய இரும்புக் கடையின் எடை மேடையில் வண்டியைத் தனியாகவும், அவரோடும், அவரைத் தனியாகவும் நிறுத்தார்கள். கழித்தால் மிஞ்சிய எடை, மெக்கானிக்கின் பன்னிரண்டு வயது மகளுடைய எடைதான். கடுகு இருந்திருந்தால் அவளுக்கும் அதே வயது.

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லண்ணே," என்றார் மெக்கானிக். "வண்டியில ஆள் கூடுது."

நாற்றுப்பண்ணைக்காரர் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மெக்கானிக் மட்கார்டுக்கு அடியில் கனமான இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார், இழுவைக்காகச் சின்ன புல்லி மாட்டினார், வருடம் ஒருமுறை அந்தப் பட்டையைப் பலப்படுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டார். நாற்றுப்பண்ணைக்காரர் நிழல் உள்ள இடங்களில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் போகப் பழகினார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கனம் போய்விடுமோ என்று பயம். உள்ளதைச் சொன்னால், பயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மிச்சமிருந்த மகளைப் பங்கு போட அவருக்கு மனம் வரவில்லை. மனைவி வலைப்பந்தலுக்கடியில் உட்கார்ந்து ஒட்டுச்செடி கட்டிக்கொண்டிருப்பாள். செடியைத் தவிர வேறு பேச்சு அந்த வீட்டில் நின்றுபோய்ப் பல காலம் ஆகியிருந்தது.

கடுகின் வயதுப் பெண்கள் வேலைக்கென்றும் கல்யாணம் ஆகியும் வீட்டைவிட்டுப் புறப்பட்ட வருடத்தில், ஒரு காலை, எஞ்சின் உறுமிக்கொண்டு மேட்டில் பாய்ந்து ஏறியது. டிரெய்லர் துள்ளியதில் பாதித் தொட்டிகள் உடைந்தன. அவர் இறங்கி ஏறிப் பார்த்தார், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். மட்கார்டு நிமிர்ந்தே இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பழையபடி திணறுமாறு செய்து கொடுக்கும்படி கேட்டார். மெக்கானிக் மறுக்கவில்லை. பெட்ரோலைக் குறைத்தார், பிளக் இடைவெளியைக் கூட்டினார். எஞ்சின் இருமியது. நாற்றுப்பண்ணைக்காரர் தலையை ஆட்டினார்.

"இது சீக்கு வந்த சத்தம், தம்பி. அது சுமக்குற சத்தம்."

மெக்கானிக் எல்லாவற்றையும் இருந்தபடி மாற்றிவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் தன் கைக்கு வராது என்றார். பிறகு, அண்ணியிடம் சொல்லியாகிவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்தவர் நேராக வலைப்பந்தலுக்குப் போய், மனைவி முன்னால் தரையில் உட்கார்ந்து, அத்தனை வருடத்தையும் ஒரே மூச்சில் கொட்டினார். கொட்டும்போதே அழுதார். அவள் கையிலிருந்த ஒட்டுக்கு நாடாவைக் கடைசிச் சுற்றுவரை சுற்றி முடித்தாள்.

"தினமும் காலையில அந்த இடது டயருக்குக் காத்து அடிச்சது யாருன்னு நினைச்சீங்க?" என்றாள்.

அவர் அதை ஒருநாளும் நினைத்ததில்லை. அவ்வளவு கனம் சுமந்த டயர் எப்படி இறங்காமல் இருந்தது என்று மெக்கானிக்கும்கூடக் கேட்டதில்லை.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்," என்றாள். "நாலு நாளா டயர் இறங்கவே இல்ல. பம்ப்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டு, சும்மா திரும்பி வரேன்."

அவளும் அப்போதுதான் அழுதாள். பிள்ளை போன அன்று ஆளுக்கொரு மூலையில் அழுதவர்கள், இத்தனை காலம் கழித்து ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். இருட்டிய பிறகும் யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை.

மறுநாள், மிஞ்சிய தொட்டிகள் மேட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மனைவி கொட்டகைக்கு வந்தாள். இடது மட்கார்டைக் கையால் துடைத்து, ஏறி உட்கார்ந்து, அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் பாதி மேட்டில் திணறியது. அவர் ஆக்சிலேட்டரைக் கூட்டவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, மெதுவாகவே போனார். தெருமுனையில் அந்தச் சத்தத்தைக் கேட்ட மெக்கானிக் ஒரு நிமிடம் நின்று, பிறகு குனிந்து தன் வேலையைப் பார்த்தார். வண்டி இன்றும் அந்த மேட்டில் திணறித்தான் ஏறுகிறது, யாரும் ரிப்பேருக்குக் கொண்டுபோவதில்லை. காலையில் இடது டயருக்குக் காற்று அடிப்பது இப்போது அவர் வேலை.