இல்லை என்ற சொல் இங்கே இல்லை

தி.நகரில் அந்த ஜவுளிக்கடையின் ஷட்டர் ஏறுவதற்கு முன் தினமும் ஒரு கூத்து உண்டு. சாமி படத்துக்குச் சூடம் காட்டியதும் விற்பனைப் பெண்கள் வரிசையில் நின்று கடையின் வாசகத்தை மூன்று முறை கத்த வேண்டும்: "இல்லை என்ற சொல் இங்கே இல்லை!" ஏழு வருடமாக முதல் குரல் ஜோதிலட்சுமியுடையதுதான். இன்றைக்கு அவள் வாயை மட்டும் அசைத்தாள்.

அடையாற்றங்கரையில் அவள் வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாற்று வீட்டுக்கான டோக்கனை அவள் தெருவிலேயே மேசை போட்டுக் கொடுக்கிறார்கள், இன்று மாலை ஐந்து மணி வரைதான். புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். கைரேகை வைக்க அவளே நேரில் போயாக வேண்டும். போகாவிட்டால் வீடு கிடையாது.

முதலாளி சண்முகசுந்தரத்திடம் காலையிலேயே கேட்டாள். "அரை நாள் லீவு வேணும் அண்ணாச்சி."

"அதுக்கென்னம்மா, பாத்துக்கிடலாம்."

அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் வெளியே போனால் மறுநாள் வேலை இருக்காது. பன்னிரண்டுக்குப் போய் நின்றாள், இரண்டுக்குப் போய் நின்றாள். அதே சிரிப்பு, அதே பதில். பைத்தியக்காரி, நம்பினாள்.

நாலு மணிக்கு ஓர் அம்மாள் மாம்பழ நிறத்தில் பட்டு கேட்டாள். அந்த நிறம் கடையிலேயே கிடையாது. "பாக்கலாம்கா, குடோன்லேர்ந்து வருது. அதுவரைக்கும் இதப் பாருங்க" என்றாள் ஜோதிலட்சுமி. வராது. வரும் வரும் என்று உட்காரவைத்து, ஆள் அலுத்ததும் வேறொன்றைத் தலையில் கட்டுவதுதான் தொழில். சொல்லி முடித்ததும்தான் அவளுக்கு உறைத்தது. அவளையும் அண்ணாச்சி காலையிலிருந்து அப்படித்தான் காக்கவைத்திருக்கிறார்.

கல்லாவுக்கு ஓடினாள். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க அண்ணாச்சி! காலைலயே சொல்லிருந்தா அப்பவே ஓடிருப்பேனே!"

அண்ணாச்சிக்கு நிஜமாகவே முகம் வாடிவிட்டது. "நான் எப்பம்மா இல்லன்னு சொன்னேன்?"

சீட்டு இல்லாமலே காவலாளியைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள். பனகல் பூங்காவைத் தாண்டவே பஸ்ஸுக்கு அரை மணி ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. மேசையும் நாற்காலியும் வண்டியேறிப் போய்விட்டிருந்தன.

பக்கத்து வீட்டு தேவானை தன் டோக்கனை முந்தானையில் முடிந்தபடி ஓடி வந்தாள். "இன்னாடி, இப்ப வர்ற? எத்தினி வாட்டி உன் பேர கூப்ட்டாங்க!"

மகள் லாவண்யா பள்ளிச் சீருடையோடு வாசலில் நின்றாள். "நமக்கு வீடு இருக்குதாம்மா?"

வீடும் போயிற்று, வேலையும் போயிற்று. உள்ளதைச் சொல்லிவிடத்தான் ஜோதிலட்சுமி வாயைத் திறந்தாள். ஏழு வருடப் பழக்கம், அந்தச் சொல் வரவில்லை.

"பாக்கலாம் கண்ணு" என்றாள்.