நூற்றெண்பதாம் நாள், மாலை ஐந்தே முக்கால்

தணிகாசலத்தின் மானம் நாற்பதாயிரத்துக்குப் படிந்தது. மேலதிகாரி சுந்தரராமன் அறுபதில் ஆரம்பித்தார், பாத்திரக்கடை சாய்நாத் இருபத்தைந்தில் ஆரம்பித்தார். பாண்டி பஜாரில் இரண்டு காப்பி ஆறுவதற்குள் பேரம் முடிந்துவிட்டது. மானத்துக்கு உரியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரக்கைக் கேட்டா விலை பேசுவார்கள்?

தணிகாசலம் எடை அளவு ஆய்வாளர். தி. நகரில் எவர்சில்வரை எடைபோட்டு விற்கும் சாய்நாத்தின் தராசுத் தட்டுக்கு அடியில் நூறு கிராம் ஈயக்கட்டி ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்துத் தராசோடு தூக்கி வந்தவன். மறுநாள் அவன் லஞ்சம் கேட்டதாகப் புகார் வந்தது. அதற்கு மறுநாள் சஸ்பென்ஷன்.

உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நூற்றெண்பது நாளுக்குத்தான் அது செல்லும். நீட்டிப்பதானால் மேலிடத்து ஒப்புதலோடு புது உத்தரவு, கெடு முடிவதற்குள், அலுவலக நேரத்தில், சம்பந்தப்பட்டவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை அவன் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். அரைச் சம்பளத்தில் ஆறு மாதம் கஞ்சி குடித்த தணிகாசலத்துக்கு அந்த வரி மனப்பாடம். சுந்தரராமனுக்கு அது நினைவு வந்ததே நூற்று எழுபத்தெட்டாம் நாள்தான். அலறியடித்துக் கோப்பை அனுப்பி, ஒப்புதல் வாங்கியபோது நூற்றெண்பதாம் நாள் பகல் இரண்டு மணி. தொண்ணூற்று நாலாம் வருஷம், தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. வருஷத்து வியாபாரத்தில் பாதியை சாய்நாத் அந்தப் பத்து நாளில்தான் செய்வார். தணிகாசலம் மறுநாள் நாற்காலியில் உட்காரக் கூடாது.

அவன் அன்று காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு நொச்சிக்குப்பத்தில் மாமனார் வீட்டுப் படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி ரத்னா ரோட்டோரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அலுவலகம் மூடும் ஐந்தே முக்கால் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

நாலரைக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அலுவலக உதவியாளர் கணேசமூர்த்தி. கையில் உறை, தபால் புத்தகம், ஸ்டாம்பு பேடு. முப்பது வருஷமாகத் தபால் கொடுத்தே முதுகு வளைந்தவர். அவருக்குப் பின்னால் சாய்நாத் கடையில் மூட்டை இறக்கும் பாலுவும், பேர் தெரியாத ஒரு நெட்டையனும்.

"சார், வணக்கம். ஒரே ஒரு கையெழுத்து" என்றார் கணேசமூர்த்தி, கல்யாணப் பத்திரிகை நீட்டுவதுபோல.

"ஆறு மணிக்கு வாங்க. ஒண்ணுக்கு நூறாப் போட்டுத் தர்றேன்."

"இன்னா நைனா, படிச்ச மனுசன்தானே நீ?" என்றான் பாலு. "மருவாதியாப் போட்டுட்டுப் போய்க்கினே இரு."

"இது எனக்கும் ஆபீசுக்கும் கீற விசயம். இட்லிக்குச் சட்னி மாதிரி நீ இன்னாத்துக்குடா கூடவே வந்துகினு கீற?"

சட்னி முதல் அடியை வயிற்றில் போட்டது. தணிகாசலம் மடங்கினான், மடங்கிய வாக்கிலேயே ஒரு பிடி மணலை வாரி நெட்டையன் கண்ணில் வீசி, எழும்போது தலையால் அவன் மூக்கில் முட்டினான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. பாலு படகிலிருந்து துடுப்பை உருவினான். முதல் வீச்சு விலாவில். இரண்டாவதைத் தடுக்க வலது கையைத் தூக்கினான் தணிகாசலம்; மணிக்கட்டு பொசுக்கென்று பின்பக்கமாகத் தொங்கியது. வலி வருவதற்குள் முகத்தில் உதை வந்தது. வாய்க்குள் பற்கள் கூழாங்கல் மாதிரி உருண்டன.

"சார், சார், போட்டுடுங்க சார்" என்று கணேசமூர்த்தி பேனாவை நீட்டியபடியே சுற்றிச் சுற்றி வந்தார்.

ரத்னா மீன் வெட்டும் கத்தியோடு ஓடி வந்தாள். "கம்மனாட்டி, எம்புருசனையா அடிக்கிற?" பாலு தலையைச் சாய்த்ததால் தலை தப்பியது, காது தப்பவில்லை. இடது காது கால்வாசியில் ஒட்டிக்கொண்டு ஆடியது. அவன் ஊளையிட்டுக்கொண்டே துடுப்பைக் கடைசியாக ஒருமுறை இறக்கினான். தணிகாசலத்துக்கு வானம் அணைந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ரத்னா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். நெட்டையன் அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பாலு ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தணிகாசலத்தின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றித் தபால் புத்தகத்தில் அழுத்தினான். கணேசமூர்த்தி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். படித்தவர் ரேகை வைத்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் தணிக்கையில் சிக்கும். முப்பது வருஷப் பழக்கம், ரத்தத்தைப் பார்த்தா மாறும்?

"அம்மா, மணி இன்னாம்மா?" என்று ரத்னாவையே கேட்டார்.

"உனுக்குச் சாவு மணிடா!"

ஆட்டோக்காரன் ஐந்து பத்து என்றான். அதையும் எழுதி, சாட்சியாகப் பாலுவிடம் கையெழுத்து வாங்கி, அவர் ஐந்தரைக்கு அலுவலகம் சேர்ந்தார். எழுதிய பக்கத்தின் அசல் அன்றைய தபாலிலேயே மேலிடத்துக்குப் போயிற்று. "சேர்த்தாச்சு சார்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சுந்தரராமன் நகலைப் படிக்காமலே இழுப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கையில் மாவுக்கட்டும் மூடிய கண்ணுமாகத் தணிகாசலம் அலுவலகத்துக்குள் நுழைந்தான்.

"எங்கே வந்தே?" என்றார் சுந்தரராமன். "நேத்திக்கே ஆர்டர் வாங்கிண்டு கையெழுத்துப் போட்டுட்டியே. இன்னும் மூணு மாசம் ஆத்துலயே உக்காந்துக்கோ."

"அதக் கொஞ்சம் காட்டுங்க சார்."

சுந்தரராமன் நகலைத் தூக்கிப் போட்டார். தணிகாசலம் திறந்திருந்த ஒரு கண்ணால், பல் போன வாயால், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தான்: "மேற்படியார் கையெழுத்திட மறுத்தும், அதன்பின் வலது கை முறிந்தும், நினைவு தப்பியும் கிடந்தபடியால், மாலை ஐந்து பத்துக்கு அன்னாரது இடது கட்டைவிரல் ரேகை பாலு என்பவரால் பிடித்து வைக்கப்பட்டது."

தட்டச்சு இயந்திரங்கள் நின்றன.

"நெனவில்லாதவன் கையில எப்டி சார் சேந்துது?"

சுந்தரராமன் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "ஏன்யா கணேசமூர்த்தி, இப்படியா எழுதுவா? ஒழுங்கா வாங்கினான்னு எழுதித் தொலைக்கறதுக்கென்ன?"

"பொய் எழுத எனுக்குப் பவர் இல்லீங்க சார்" என்றார் கணேசமூர்த்தி, கைகட்டி. "அத்த ஆபீசர்தான் எழுதணும்."

அசல் மேலிடத்தில் இருந்தது. புதிதாக ஒன்று எழுதலாமென்றால், விடிந்தது நூற்றெண்பத்தோராம் நாள். தணிகாசலம் வருகைப் பதிவேட்டில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு ஊழியர்களோடு நேரே தி. நகருக்குப் போனான்.

சாய்நாத் எழுந்து நின்றார். "வாங்க சார், வாங்க. காப்பியா, கூல்டிரிங்கா?"

"எடைக்கல்லுல முத்திரை பாக்கணும். இப்படிப் பக்கத்துல வாங்க."

ஐந்து கிலோ கல்லைத் தணிகாசலம் இடது கையால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இடது கைக்குப் பழக்கம் போதாது. கல் நழுவி சாய்நாத்தின் வலது பாதத்தில் விழுந்தது. கடையிலிருந்த பாத்திரங்களெல்லாம் அவரோடு சேர்ந்து அலறின.

"அய்யோ, மன்னிச்சிக்கோங்க" என்று அவன் குனிந்து கல்லை எடுத்தான். அது இன்னொரு தடவை நழுவியது.

முத்திரை சரியாகத்தான் இருந்தது. கல்லைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கும்போது விலா குத்தியது. உஸ்மான் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில் தணிகாசலம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். வாங்கியது: மணிக்கட்டு எலும்பு இரண்டு, பல் இரண்டு, விலா ஒன்று. கொடுத்தது: மூக்கு ஒன்று, காது முக்கால், கால்விரல் இரண்டு. மணிக்கட்டுக்குக் கால்விரல் நேர். பல்லுக்கு மூக்கும் காதும், முன்பின் இருந்தாலும் தள்ளுபடி. பாக்கி விலா ஒன்று, சுந்தரராமன் பேரில்.