பூஞ்சேரியில் தங்கிவிட்ட ஆடி

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பத்தை ஆடியிலேயே போட்டாக வேண்டும் என்று தனகோடி வாய்விட்டுக் கேட்ட வருஷம், அந்த ஆடி அவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆடியில் புதிதாக எதையும் கேட்காதே என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கேட்டாள். அது எழுபத்து நான்காம் வருஷம். மாமல்லபுரத்துக்கு முந்தின நிறுத்தமான பூஞ்சேரியில் மற்ற எல்லா வீட்டுக்கும் ஆவணி பிறந்தது, சின்னையன் வீட்டுக்குப் பிறக்கவில்லை. அன்று காலையில் சின்னையன் தேதித் தாளைக் கிழித்தார். அடியில், மகள் கேட்ட அதே நாள் இருந்தது. அதையும் கிழித்தார். அதற்கடியிலும் அதுவே இருந்தது. வேலிக்குள்ளே ஆடிக்காற்று சுற்றிச் சுற்றி வந்து அடுப்பை அணைத்தது, சோற்றில் மணலைப் போட்டது. எதிர்வீட்டு முருங்கையில் ஓர் இலை அசையவில்லை.

சின்னையன் செங்கல்பட்டு கோர்ட்டில் டவாலி. அவருக்கு முந்தினவர்கள் யாரும் சொந்தமாக ஒரு வரப்புகூட இல்லாமல் அடுத்தவன் சேற்றில் இறங்கியவர்கள். சர்க்கார் துணியை உடம்பில் போட்ட முதல் ஆள் அவர்தான். கோர்ட் வாசலில் நின்று வாதி, பிரதிவாதி பெயரை உரக்கக் கூப்பிடுவது வேலை. மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் கேஸ் போனது போனதுதான். தன் சொந்த அண்ணனின் மனைக்கட்டு கேஸிலும் அவரேதான் கூப்பிட்டார். பஸ் வழியில் நின்றுவிட்டதால் அண்ணன் வரவில்லை. இழுத்து இழுத்து, தொண்டை தாங்குகிற மட்டும் நீட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. ஆள் வராத கேஸ் என்று எக்ஸ்பார்ட்டி ஆனது, மனை போனது. அண்ணன் தரப்பு வக்கீல் அந்த நேரம் வேறு கோர்ட்டில் இருந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு அப்பாவோடு போயிருந்த தனகோடி அதை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள். எழுந்து நின்று, ஐயா கொஞ்சம் பொறுங்கள், பஸ் வருகிறது என்று சொல்ல அங்கே அவர்கள் பக்கம் ஒரு நாக்கு இல்லை. அவள் பி.எல். படிக்க வேண்டும் என்றதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வேண்டவும் வேண்டாம்.

அந்த வீட்டில் முதல் பட்டதாரி அவள். பி.ஏ. முடிவு வந்தது, விண்ணப்பமும் வந்தது, கடைசித் தேதி ஆடிக்குள் விழுந்தது. சின்னையனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆடியில் அவர் எழுப்பிய மண்சுவர் ஆடியிலேயே விழுந்தது. அதன் பிறகு அந்த மாதத்தில் அவர் புதுச் செருப்புகூடப் போட்டதில்லை. ஊரில் கல்யாணக் கூடம் ஆடியில் பூட்டிக் கிடக்கிற மாதிரி கல்லூரியும் கிடக்கும் என்றே நினைத்தார். "ஆடில எவன் கண்ணு போயி சேருவான்? வாத்தியாரே வரமாட்டான். ஆவணி பொறக்கட்டும், மொதல் ஆளா நீ போயி நில்லு" என்றார். வாய்தாவுக்கு ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று ஊருக்கே சொல்கிறவர், தன் மகளுக்கு இதைச் சொன்னார். அவள் கத்தினாள், தட்டைத் தள்ளினாள், கடைசியில் அடங்கினாள். அவளுக்கு அப்பாவின் மேல் இருந்த கோபத்தைவிட தான் அடங்கிப்போனதன் மேல் இருந்த கோபம் பெரிது.

ஆவணி பிறந்ததும் அவள் பட்டணம் போய் விசாரித்தாள். தாமதமாக வருகிற விண்ணப்பங்கள் தனியாக வைக்கப்படும், இடம் மிஞ்சினால், கல்லூரி முதல்வர் மனது வைத்தால் பார்ப்பார்கள், உறுதி சொல்வதற்கில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். திரும்பி வந்து படலைத் திறந்தவள் முகத்தில் காற்று அறைந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்குள் இன்னும் ஆடி. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. படலுக்கு உள்ளே அது நேரத்தோடு எழுதிய விண்ணப்பம், படலைத் தாண்டினால் தாமதமான விண்ணப்பம். அவள் அதைத் தகரப்பெட்டியில் வைத்து மூடினாள்.

அந்த வருஷங்களைப் பற்றி ஊரில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. கிராம முன்சீப் காசிநாதன் ஒரு தடவை வந்து பார்த்து, மேல்துண்டு பறந்து போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, ஆடிதான் என்று ஒப்புக்கொண்டு, இதற்கென்று தனி வரி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். தலையாடிக்குத் தாய்வீடு வந்த புதுப்பெண்களில் மாமியார் வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காதவர்கள் நேரே சின்னையன் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆடி முடியாமல் எப்படிப் போவது? புருஷன்மார்கள் வேலிக்கு வெளியே அல்வாப் பொட்டலத்தோடு ஆவணி வெயிலில், ஐப்பசி மழையில் நின்றார்கள். தனகோடியின் அம்மா செல்லம்மா எல்லோருக்கும் கூழ் ஊற்றினாள். "எப்போ போவப் போற?" என்று ஒருத்தியையும் கேட்டதில்லை. ஒருத்தி அங்கேயே தையல் கற்றுக்கொண்டாள்.

தனகோடி உள்ளே இருந்து கணக்குப் போட்டாள். மார்க்கு சுமார்தான். பெண்களுக்கு எத்தனை இடம் ஒதுங்கும்? டவாலி மகள் என்றால் சிரிப்பார்களா, பரவாயில்லை என்பார்களா? இங்கிலீஷில் கேட்டால் என்ன செய்வது? ஒரு நாள் கிடைத்துவிடும் என்று தோன்றும், மறுநாள் கிடைக்காது. உள்ளே இருக்கிறவரை இரண்டும் உண்மை. அதில் ஒரு சுகம் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. சின்னையனும் கோர்ட்டிலிருந்து வந்து காக்கியைக் கழற்றும்போது தினமும், "தேதி எங்க ஓடிப் போவுது? இங்கியேதான கீது" என்பார். மகள் தோற்காமல் இருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து ஓர் ஆவணியில் கோவளத்திலிருந்து ஹபீபா வந்தாள். கல்லூரியில் தனகோடியோடு ஒரே பெஞ்சு. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. முக்காட்டைக் காற்று பிடுங்க, பல்லால் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாடி, அந்தக் காயிதத்த இன்னும் அடகாத்துகினு கீறியா?"

"சீட்டு கெடைக்குமோ கெடைக்காதோ, தெரியாம எப்டி போறது?"

"நீ இரு புள்ள, அவசரமில்ல. எம்புள்ள வளந்து, படிச்சி, வக்கீலாயி, வந்து ஒனக்கு அட்மிசன் வாங்கித் தருவான். இல்லடா?" பிள்ளை தலையாட்டியது. முற்றத்துப் புதுப்பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தனகோடியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவளுக்கு முகம் எரிந்தது.

ஹபீபா போன பிறகு அவள் வெகுநேரம் அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஆடி ஒளிந்துகொள்ள ஓர் இடம். அடிக்கிற கையிலிருந்து தப்பி வந்தவர்கள். தான் எந்தக் கையிலிருந்து தப்பி வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை. இடமில்லை என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்பதற்கே மூன்று வருஷத்தைக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சின்னையனும் வீட்டில் இருந்தார். அவள் பெட்டியைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தாள். எழுபத்து நான்கை அடித்துவிட்டு மேலே எழுபத்தேழு என்று எழுதினாள். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டாள். மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் வைத்தாள். ராத்திரி பட்டணத்தில் சித்தி வீட்டில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் ஆபீஸ் வாசலில் நிற்பதாக எண்ணம்.

செல்லம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "இந்த வருசமும் தேதி தாண்டிப் போச்சின்னு அந்தக் கோவளத்துப் பொண்ணு சொல்லிச்சே. அடுத்த வருசம் நேரத்தோட போயேன்டி."

"அடுத்த வருசமும் இந்த வூட்ல ஆடிதாம்மா."

சின்னையன் எழுந்து நின்றார். கோர்ட்டையே அதிர வைக்கிற குரல் அவருக்கு அப்போது வரவில்லை. "கெடைக்காட்டி இன்னா பண்ணுவ கண்ணு?"

"கெடைக்கலன்னு அவங்க வாயால கேட்டுகினு வரேன் நைனா. நம்ம வாயால நாமளே சொல்லிக்கினது போதும்."

சின்னையன் காற்றில் படல் பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டார். தனகோடி படலைத் தாண்டினாள். காற்று அறுந்து நின்றது, வெயில் தலையில் இறங்கியது, கையிலிருந்த விண்ணப்பம் மூன்று வருஷம் தாமதமாயிற்று. அதை மடிக்காமல் நேராகப் பிடித்துக்கொண்டு அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.