ஹென்றி நிறுத்துகிற இடம்

கணவருக்கு முப்பதாம் நாள் பூசை வைத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, தெரேசா டீச்சர் மவுத் ஓர்கன் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். கெலிஓயாவில் ரயில் பாதைக்கு மேலே ஏறிப் போகும் அந்தச் சந்தில், பாண் விற்கும் ஓட்டோ கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

கொண்டுபோய்ச் சேர்த்தவள், சந்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் புஷ்பம். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அன்று பின்னேரம் அவள் காதில் விழுந்தது அழுகைதான். இழுத்து, விக்கி, மறுபடி இழுத்து, மூக்கடைத்த பிள்ளை அழுவது மாதிரி ஓர் அழுகை. சாவு வீட்டில் ஊரே அழுதபோது கல்லாக உட்கார்ந்திருந்த மனுஷி இப்போதாவது அழுகிறாளே என்று புஷ்பத்துக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஓடினாள். எதிர்வீட்டு றம்லத்தும் முக்காட்டைச் சரிசெய்தபடி கஞ்சிக் கோப்பையோடு வந்து சேர்ந்தாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. பூட்டாத கதவை அந்தச் சந்தில் யாரும் தட்டுவதில்லை.

உள்ளே தெரேசா, கணவர் ஹென்றியின் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. வாயில் ஹென்றியின் மவுத் ஓர்கன்.

"அக்கா, நீங்க அழலியா?" என்றாள் புஷ்பம்.

"இல்ல புஷ்பம். வாசிக்கிறேன்."

தேத்தண்ணியைக் கொடுப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று புஷ்பத்துக்கு விளங்கவில்லை. றம்லத் விவரமானவள். கஞ்சியை மேசையில் வைத்தாள். "வெளிய இருந்து கேக்க அழுற மாதிரித்தான் ஈக்குது டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டு, புஷ்பத்தின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு கடையில் பருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பருப்போடு இந்தக் கதையும் கிடைத்தது. வருஷம் திரும்பும்வரை ரேடியோவைக்கூடத் திறக்காத வீடுகள் உள்ள ஊர் அது. துக்க வீட்டில் டீவி பார்க்கிறவர்களும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஆள் வந்தால் அணைத்துவிடுவார்கள். அப்படியிருக்க, படித்த மனுஷி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுத்தவள், இப்படியா என்று புஷ்பம் கேட்டாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். தெரேசாவிடம் நேரில் கேட்க மட்டும் ஆளில்லை. சந்தில் பாதிப் பேர் அவளிடம் படித்து அடி வாங்கியவர்கள்.

கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

ஹென்றி கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்து பென்ஷனில் வந்தவர். தோட்டத்தில் கிறிஸ்மஸுக்குக் கரோல் போகும்போது இரட்டை வரிசை மவுத் ஓர்கன் ஊதுவார். பைலா, தேவமாதா பாட்டு, எது கேட்டாலும் வரும். தோஹாவில் வேலை செய்யும் மகன் றொமேஷ் ஒருமுறை பத்தே துளையுள்ள சின்னது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உண்டாக்கிய ஏதோ ஓர் இசையாம், புளூஸாம். வார்த்தையே கிடையாது, முழுக்க ரயில் ஓடுகிற மாதிரி வாசிப்பு. ஹென்றி போனில் இயர்போனைச் சொருகி அதைத் தான் மட்டும் கேட்பார். பிறகு திரும்பத் திரும்ப வாசிப்பார். வருஷக்கணக்காக அந்த ஒன்றேதான். வேறெதையும் வாசிக்கவில்லை.

ரயில் மெல்லக் கிளம்பும், வேகம் பிடிக்கும், கூவும். உச்சிக்குப் போகும்போது சட்டென்று நிற்கும். ஹென்றி மவுத் ஓர்கனை உள்ளங்கையில் தட்டுவார், டொக், டொக் என்று இரண்டு தட்டு. பிறகு ரயில் மறுபடி, கொஞ்சம் மெதுவாக, ஓடி அடங்கும். அந்த நேரத்தில் கடையில் பருப்பு நிறுக்கும் புஷ்பத்தின் கைகூட அந்த இடத்தில் ஒரு நொடி நின்று, இரண்டு தட்டுக்குப் பிறகுதான் தட்டில் பருப்பைப் போடும். சந்து முழுவதற்கும் அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும்.

தெரேசாவுக்கு அது காதைக் குடையும் தொல்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டே எத்தனையோ நாள் திட்டியிருக்கிறாள். பிறகு ஹென்றி படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டியிருந்தபோது, மவுத் ஓர்கனைக் கொண்டு வரச் சொன்னார். வாயால் சொல்ல முடியாமல், கையைச் சுருட்டி உதட்டில் வைத்துக் காட்டினார். "மூச்சு விடவே வழியில்ல, இவர் வாசிக்கப் போறாராம்," என்றாள் அவள், பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரிக்கும்படி. ஹென்றியும் சிரித்த மாதிரித்தான் இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் போய்விட்டார். மவுத் ஓர்கன் வீட்டில் அலுமாரிக்குள் ஷேர்ட்டுகளுக்கு நடுவில் கிடந்தது.

அதனால்தான். வருஷப் பூசையன்று கல்லறைக்குக் கொண்டுபோய் அந்தப் பாட்டை அவருக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும். அவர் கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்காததற்கு ஈடு செய்ய அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் அது லேசில் வசப்படுகிற சாமான் இல்லை. முதல் நாள் அவள் ஊதியபோது ஞாயிறு பூசைப் பாட்டு மாதிரி ஒரு சாதுவான சத்தம்தான் வந்தது. ஹென்றியின் சத்தம் அதில் எங்குமே இல்லை. சலித்துப்போய் மூச்சை உள்ளே இழுத்தபோதுதான், தற்செயலாக, மூன்றாம் துளையிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது, மனுஷன் ஊதியதே குறைவு. முழுக்க உறிஞ்சியிருக்கிறார். நாக்கைப் பின்னுக்கு வாங்கி, கன்னத்தை ஒடுக்கி இழுத்தால் சுரம் வளைந்து இறங்குகிறது. அந்த வளைவைத்தான் புஷ்பம் அழுகை என்று நினைத்தது. உதடு வெடித்தது. தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வாசித்தாள். போனில் தேடிப் பார்க்கலாம் என்றால் பாட்டின் பேர் தெரியாது. ஹென்றியின் போனை றொமேஷ் ஞாபகத்துக்கென்று தோஹாவுக்குக் கொண்டுபோயிருந்தான், அவனிடம் கேட்க வெட்கமாக இருந்தது. குசினிக்குள் இருந்து திட்டிக்கொண்டே கேட்ட ஞாபகம்தான் அவளுக்கு இருந்த ஒரே பாடம்.

சந்து முதலில் முகம் சுளித்தது, பிறகு பழகிக்கொண்டது, அதன் பிறகு திருத்தத் தொடங்கியது. திருத்தத்தில் முதல் ஆள் புஷ்பம். துக்க வீட்டில் சங்கீதமா என்று கேட்ட அதே வாய்தான். ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிச் சொன்னாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த எடத்துல நீங்க சும்மா நிப்பாட்டிட்டுப் போறீங்க. அவரு ரெண்டு தட்டு தட்டுவாரு. அது இல்லாட்டி பாட்டு மொட்டையா இருக்கு."

தெரேசா தட்டிப் பார்த்தாள். உண்மைதான், தட்டியதும் ஹென்றி முழுதாக வந்து நின்றார். அன்றிலிருந்து அந்த இடத்தைத்தான் அவள் அதிகம் பழகினாள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், இரண்டு தட்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதிலெல்லாம் புஷ்பத்துக்கும் றம்லத்துக்கும் தனித்தனி அபிப்பிராயம் இருந்தது. தட்டுக்கு முன்னால் ஒரு சின்ன செருமலும் உண்டு என்றாள் றம்லத். அதையும் சேர்த்துக்கொண்டாள்.

வருஷப் பூசைக்கு றொமேஷ் ஒரு மாத லீவில் வந்தான். வந்த அன்று பின்னேரம் புஷ்பம் இடியாப்பம் கொண்டு வந்திருந்தாள். சும்மா வரவில்லை, மகன் என்ன சொல்கிறான் என்று பார்க்க வந்தாள். தெரேசா கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். ரயில் கிளம்பி, வேகம் பிடித்து, கூவி, உச்சியில் நின்றது. செருமல். டொக், டொக். மறுபடி ஓடி அடங்கியது. புஷ்பம் தானே வாசித்த மாதிரிப் பெருமையோடு அவனைப் பார்த்தாள்.

றொமேஷின் கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"நல்லா இருக்கும்மா. ஆனா ஏன் நடுவுல நிப்பாட்டுறீங்க?"

"அது அப்படித்தான் தம்பி," என்று புஷ்பம் முந்திக்கொண்டாள். "ஸ்டேஷன்ல நிக்குதுல்ல, அதான்."

"இல்லக்கா. அது எங்கயும் நிக்காது."

அவன் போனை எடுத்துத் தேடினான். ஒருநாள் இதை நானும் முழுசாக வாசித்துக் காட்டுகிறேன் பார் என்று சொல்லி அப்பா அவனுக்கு அனுப்பிய வீடியோ அதில் இருந்தது. தொப்பி போட்ட ஒரு வயதான கறுப்பு மனிதர், கதிரை நுனியில் உட்கார்ந்து வாசிக்கிறார். கிளம்புகிறது, வேகம் பிடிக்கிறது, கூவுகிறது. உச்சிக்குப் போகிற இடத்தில் தெரேசாவின் வலது கை தானாக உள்ளங்கையில் தட்டப் போனது. அந்த மனிதர் நிற்கவில்லை. ரயில் அதே வேகத்தில் மேலே ஏறி, அந்தச் சந்தில் யாருமே கேட்டிராத ஒரு சீமைக்குள் போய், அங்கே நெடுநேரம் ஓடியது.

வீடியோ முடிந்தது. கீழே ரோட்டில் கம்பளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப அது பாட்டு இல்ல," என்றாள் தெரேசா. "அவருக்கு மூச்சு முட்டினது."

டொக்டர் நோயைக் கண்டுபிடித்ததற்கு எத்தனையோ வருஷம் முன்னாலிருந்தே அந்த நிறுத்தம் உண்டு. ஒவ்வொரு பின்னேரமும் மனுஷன் அதே இடத்தில் முட்டி நின்று, மவுத் ஓர்கனில் இறங்கிய எச்சிலைத் தட்டுகிற சாட்டில் மூச்சை மீட்டிருக்கிறார். குசினியில் அவள் கேட்டாள். எதிர்வீட்டில் றம்லத் கேட்டாள். கடையில் புஷ்பம் கேட்டாள். எல்லோரும் அதைப் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

புஷ்பம் இடியாப்பத் தட்டை மூடி வைத்தாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "நான்தானே அக்கா சொல்லிக் குடுத்தேன், அங்க தட்டணும்னு," என்றாள். கடைக்குப் பின்னால் நின்று ஹென்றி புகைத்த சிகரெட்டுகளும் அவள் விற்றவைதான். அது தெரேசாவுக்குத் தெரியும் என்பது புஷ்பத்துக்கும் தெரியும். இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து தெரேசா மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினாள். றொமேஷ் வேண்டாமென்றான். அப்பா வாசித்த மாதிரியே வாசியுங்கள், அதுதான் அவர், அதைத்தான் ஊரும் கேட்க வரும் என்றான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நோயைக் கொண்டுபோய்க் கல்லறையில் வாசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் உச்சியைத் தாண்டத்தான் வருஷக்கணக்காகப் பாடுபட்டிருக்கிறார்.

தாண்ட முடியவில்லை. உச்சிக்கு முன்னால் அவளுக்கும் முட்டியது. காற்றுப் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்து, முன்கூட்டியே ஆழமாக இழுத்துப் பார்த்தாள். இன்னும் மோசமாக முட்டியது. ஒரு காலையில், நெஞ்சு கல்லுப் போல இறுகி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றபோது, கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். இதுவா? இதைத்தானா அவர் தினமும் உட்கார்ந்து அனுபவித்தார்? நெஞ்சில் காற்றுக்குக் குறைவே இல்லை. இழுத்து இழுத்து நிறைந்துபோய், மேற்கொண்டு வைக்க இடமில்லை. உள்ளே போன காற்று வெளியே வருவதில்லை, அதுதான் இந்த நோய் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள், பாடம் விளங்காத பிள்ளைகள் ஆட்டுவது போல. இப்போதுதான் விளங்கியது.

பிறகு அவள் வீடியோவில் சுரங்களைக் கேட்பதை விட்டுவிட்டு அந்த வயதானவரின் நெஞ்சைப் பார்த்தாள். இழுப்புகளுக்கு நடுநடுவே ரயில் 'புஸ்' என்று நீராவி விடுவது அழகுக்கு என்று நினைத்திருந்தாள். அங்கேதான் அவர் காற்றை வெளியே தள்ளுகிறார். ரயில் நிற்காமல் ஓடுவதே அந்தச் சின்னச் சின்ன விடுதல்களால்தான். அதைப் பழகினாள். பூசைக்கு முந்தின நாள்வரை ஒருமுறைதான் கடைசிவரை போக முடிந்தது, அதுவும் தட்டுத்தடுமாறி.

வருஷப் பூசை முடிந்து ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கல்லறையை மந்திரித்தார். பூசைக்குள் அதெல்லாம் வாசிக்க முடியாது, நான் போன பிறகு உங்கள் விருப்பம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடி போனார், ஆனால் கேட் வரைதான். அங்கே றம்லத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். அந்த வார் சரியாக வெகு நேரம் பிடித்தது.

மெழுகுதிரிகள் காற்றில் சாய்ந்து எரிந்தன. தெரேசா கைப்பையிலிருந்து மவுத் ஓர்கனை எடுத்தாள். சந்தே கூடி நின்றது. பகல் சாப்பாட்டுக்கு வந்த கூட்டமும் அதில் உண்டு.

ரயில் மெல்லக் கிளம்பியது. எல்லோருக்கும் தெரிந்த பாதைதான். வேகம் பிடித்தது, கூவியது. உச்சி நெருங்கியபோது கூட்டத்தில் ஓர் அசைவு உண்டாயிற்று. பழக்கம் விடுமா? எத்தனையோ பேர் அவரவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நிறுத்தத்துக்குக் காத்து நின்றார்கள். முன்வரிசையில் புஷ்பம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

தெரேசா நெஞ்சிலிருந்ததை 'புஸ்' என்று வெளியே விட்டாள். நிற்கவில்லை.

அதற்கப்பால் இருந்தது அழகாகத்தான் வந்தது என்று சொன்னால் பொய். இரண்டு சுரம் தவறியது. ஒரு வளைவு முழுதாக வளையவில்லை. கடைசிக் கூவல் நடுங்கியது. ஆனாலும் ரயில் ஏறியது, ஏறி அந்தப் பக்கம் இறங்கியது, தூரத்தில் போய்த் தேய்ந்தது. ஹென்றி ஒருநாளும் போய்ச் சேராத அந்த இடத்தில் அவள் கொஞ்ச நேரம் உதட்டிலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு எடுத்து, உள்ளங்கையில் தட்டினாள். டொக், டொக். முந்தானையால் துடைத்து, கைப்பைக்குள் வைத்தாள்.

"வாங்க," என்றாள் புஷ்பத்திடம். "சாப்பாடு ஆறிடும்."