அக்கரைப் பாதி

ஆற்றின் நடுவே மரங்கள் நிற்கின்றன, இடுப்புயரம்கூட இல்லாத ஊசியிலைக் கன்றுகள், வேரில்லாதவை, உறைந்த ஆற்றில் துளைபோட்டு நட்டவை, இந்தக் கரையிலிருந்து நூல் பிடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஆற்றின் பாதியில் சட்டென்று நின்றுவிடுகின்றன, அதற்கப்பால் வெறும் வெள்ளை, கண்ணை மூடினால் அந்த வெள்ளை வைப்பாற்று மணலாகிவிடுகிறது, சாத்தூரில் கோடை உச்சியில் அப்பா முன்னே நடக்க நான் அவர் நிழலுக்குள் கால்வைத்து ஆற்றைக் கடக்கிறேன், மணல் சுடுகிறது, குனிந்து பார்த்தால் காலில் கம்பளி பூட்ஸ், முன்னே நடப்பவர் அப்பா இல்லை, என் வீட்டுக்காரர் வெனியமின், தோளில் கடப்பாரை, திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார், நான் மிதிச்ச இடத்துலயே மிதிச்சு வா, சாத்தூர்க்காரி. அவர் பேசியது ரஷ்ய மொழியில்தான், அங்கே எல்லாரும் அதில்தான் பேசினார்கள், ஆனால் என் நினைவில் அத்தனை பேரும் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள், எப்போது மாறினார்கள் என்று தெரியவில்லை.

லெனின்கிராதில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது உங்க மாவட்டம் எவ்வளவு பெருசு என்று அவரைக் கேட்டேன், அவர் ஆற்றுமட்டம் அளக்கும் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார், கையை விரித்து, காடு, சதுப்பு, ஆறு, அப்புறம் காடு என்றார், கேலி என்று நினைத்தேன், கல்யாணம் ஆகி அந்தச் சின்ன விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதுதான் அது துல்லியமான விடை என்று தெரிந்தது, பழைய இராமநாதபுரம் ஜில்லாவைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம், காடு அதை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும், எல்லா ஆறும் வடக்கே பார்த்து ஓடின, வெலா என்ற பெரிய ஆற்றில் விழுந்து வெண்கடலுக்குப் போயின, ஊர்கள் எல்லாம் ஆற்றங்கரையில் மட்டும், ஈரச் சுவரில் எறும்பு போவதுபோல், இங்கே நாலு வீடு, அரை நாள் படகில் போனால் அங்கே பத்து வீடு, மொத்த மாவட்டத்தின் ஜனத்தையும் கூட்டினால் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் ஒரு பந்தலடியில் நிற்கிற கூட்டம் தேறாது. நான் பயந்திருக்க வேண்டும், பயம் வரவில்லை, வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன், இவ்வளவு பெரிய இடத்தை இவ்வளவு கொஞ்சம் பேர் எப்படித் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. மாவட்டத் தலைநகரான உஸ்த்-வெலாவில் ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் என் பல் நாற்காலி, மாவட்டத்துக்கே அது ஒன்றுதான், பனிச்சறுக்கிலும் படகிலும் வந்து சேர்வார்கள், முகம் மறந்துபோகும், வாயைத் திறந்தால் ஊர் பெயரோடு ஞாபகம் வரும், வருஷங்கள் போகப்போக வாய்கள் குறைந்தன, மரக்கம்பெனி மூடியது, விமானம் நின்றது, பள்ளிக்கூடங்கள் நின்றன, கணக்கெடுப்பு முடிந்து மாவட்ட அலுவலகத்து வாசலில் ஒட்டிய தாளில் ஊர் பெயருக்கு நேரே சைபர், இன்னொரு ஊர், சைபர், ஆனாலும் பெயரை அடிக்க மாட்டார்கள், ஆள் இல்லாத ஊரும் அங்கே ஊர்தான்.

மத்வேயெவோ அப்படி ஒரு சைபர், வெனியமின் பிறந்த ஊர், உஸ்த்-வெலாவுக்கு நேர் எதிரே அக்கரையில், வெலா அந்த இடத்தில் அவ்வளவு அகலம், எதிர்க்கரையில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் ஆறே பாதை, பனிப்புயல் அடித்தால் பாதை மூடிப்போகும் என்பதால் கன்று நட்டு அடையாளம் வைப்பார்கள், அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, இக்கரைக்காரர் பாதி ஆறு வரைதான் நடலாம், மறு பாதியை அக்கரைக்காரர் தம் கரையிலிருந்து தொடங்கி நட்டுவர வேண்டும், எப்போதோ ஒரு காலத்தில் இக்கரை ஆட்கள் அவசரப்பட்டு முழு ஆற்றுக்கும் தாங்களே நட்டு, அந்தப் பாதையில் போன ஒரு கல்யாண வண்டி குதிரைகளோடு உள்ளே போய்விட்டதாம், அக்கரை ஓரத்தில் அடியில் ஊற்று இருக்கிறது, அங்கே பனி வெளியே கெட்டியாகவும் உள்ளே அப்பளமாகவும் இருக்கும், அது அந்த ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த சங்கதி, அன்றிலிருந்து அடுத்தவர் பாதியில் யாரும் ஒரு குச்சிகூட நடுவதில்லை, குச்சி இல்லாத பனியில் வண்டி இறங்குவதில்லை. இரண்டு வரிசையும் நடுவில் சேரும்போது இக்கரைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்பார், எந்த ஊரு, எத்தனை பேரு, அக்கரைக்காரர் தம் ஊரில் அந்தக் குளிர்காலத்துக்கு இருக்கிற உயிர்களைச் சொல்வார், புகை எழும்பாத நாளில் எத்தனை பேரைத் தேடிப் போக வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. வெனியமின் சின்ன வயதில் தன் அப்பாவோடு போயிருக்கிறார், நூத்துச் சொச்சம் என்று அவர் அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம், பிறகு அறுபது, பிறகு பதினெட்டு, கடைசியில் வெனியமினின் அண்ணன் ப்ரோகோர் மட்டும், ஒத்த ஆளுதான்ப்பா என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டாராம். ப்ரோகோர் இருந்தவரை ஒவ்வொரு குளிர்காலமும் அவருக்குத் துணையாக நாங்கள் போய் நட்டோம், வெனியமின் எனக்குக் காட்டிக்கொடுத்தார், அந்தா பாரு, சிலுவை விழுந்த கோயில் கூம்பு, அதுக்குப் பின்னால இடி விழுந்த பைன் மரம், ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணா தெரியிற இடத்துல நில்லு, அதுக்கு இடது பக்கம் நம்ம எதிரிகூடப் போகக் கூடாது. ப்ரோகோரும் போன பிறகு கேட்கவும் ஆள் வரவில்லை, சொல்லவும் ஆள் இல்லை, வரிசை பாதியோடு நின்றது.

ஆறு உறையத் தொடங்கிய வாரத்தில் வெனியமின் போனார், தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார், வைத்த கை அங்கேயே இருந்தது. தன் அப்பாவும் ப்ரோகோரும் புதைந்து கிடக்கிற இடத்தில், அந்தக் கோயில் மேட்டில், தன்னை வைக்கச் சொல்லியிருந்தார், அந்தச் சமயத்தில் ஆறு படகுக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது, ஆஸ்பத்திரிக் குளிரறையில் அவர் காத்திருந்தார், சுவருக்கு இந்தப் பக்கம் நான் பல் பிடுங்கிக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்ய. இனிமேல் வைக்க இடம் இல்லை, நாளைக்கு இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துலயே குழி வெட்டிருவாங்க அக்கா என்று என் நர்ஸ் ஜினாய்தா சொன்ன அன்று, குதிரைக்கார இக்னாத் தங்கள் பாதியை நட்டு முடித்திருந்தான், வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு நடு ஆறு வரை வந்தோம், கடைசிக் கன்றடியில் குதிரையை நிறுத்திவிட்டான். இதுக்கு மேல எங்களுது இல்ல டாக்டரம்மா, மத்வேயெவோ ஆளு வந்து நட்டாத்தான் இறங்குவேன். அங்கதான் யாருமே இல்லியே இக்னாத், அவரக் கொண்டுபோகத்தானே வந்திருக்கோம். அதத்தான் நானும் சொல்றேன், யாருமில்லாத ஊருக்கு எப்பிடிப் போறது. ஜினாய்தா என் கையைப் பிடித்தாள், வேண்டாங்கா, நம்ம ஊருலயே வச்சுக்குவோம், தினம் போய்ப் பாக்கலாம்ல. குதிரை மூச்சு வெள்ளையாக வந்தது, பெட்டியின் மேல் மெல்லிய பனித்தூள் படிந்திருந்தது, துடைத்தேன், மறுபடி படிந்தது. நான் நடுறேன், நான் மத்வேயெவோ ஆளு, என்றேன். இக்னாத் சிரித்தான், சிரிக்கும்போது நான் பிடுங்கிய கடைவாய்ப்பல் இடம் தெரிந்தது, நீங்களா, இருபது வயசு வரைக்கும் பனியக் கண்ணால பாக்காத ஆளு. உன் பல்லப் புடுங்கயில எந்த ஊருக்காரின்னு கேட்டியாடா. வலியில எவன் கேப்பான். எனக்கு இப்ப வலிக்குது, குடு கடப்பாரைய. அவன் கடப்பாரையை நீட்டினான், இடுப்பில் கட்டக் கயிறும் தந்தான், கயிறு முடிஞ்ச இடத்துல நீங்க தனி, அதுக்கப்புறம் நான் வர முடியாது, புரியுதா.

கயிறு சீக்கிரமே முடிந்தது, அவிழ்த்துப் போட்டேன். பிறகு குத்து, கேள், மிதி, குத்து, கேள், மிதி, மூன்றாம் குத்திலும் தண்ணீர் வராவிட்டால் குதிரையைத் தாங்கும், வெனியமின் சொன்னது, காலடியில் வைப்பாறு நறநறக்கிறது, இல்லை, வைப்பாற்றில் மணல்தான், எங்கேயோ அடியில் பனி நீளவாக்கில் முனகியது, நின்றேன், கோயில் கூம்பும் பைனும் சேரவில்லை, வலது பக்கம் நகர்ந்தேன், இன்னும் கொஞ்சம், கூம்பு மெதுவாகப் போய் மரத்தின்மேல் ஏறிக்கொண்டது, அந்தக் கோட்டில் நடந்தேன், இடது பக்கம் பார்க்கவே இல்லை. கரை ஏறினேன், மத்வேயெவோ அங்கே இருந்தது, கூரைகள் எல்லாம் வெள்ளையாக, கதவுகள் பாதி வரை பனியில், ஒரு நாயின் தடம்கூட இல்லை, ஆனாலும் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிற வீட்டுக்குள் வந்ததுபோல் மெதுவாகத்தான் நடந்தேன். அக்கரைக் காட்டில்தான் கன்று வெட்ட வேண்டும், வெட்டினேன், ப்ரோகோரின் கொட்டகையிலிருந்து சின்னச் சறுக்குவண்டியை இழுத்து அதில் அடுக்கினேன், கரையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நட்டபடி திரும்பினேன், குனிந்து நட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், ஆற்றின் மேல்வளைவில் கறுப்புப் புள்ளிகள், கீழ்வளைவிலும், காட்டு மிருகம் என்று நினைத்தேன், புள்ளிகள் பெரிதாகின, சறுக்குக் கட்டைகளில், மோட்டார் சறுக்குவண்டிகளில், ஒரு கிழவரைப் பலகையில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு, எப்படிச் செய்தி போனது, யார் சொன்னது, அத்தனை தூரத்துக் காட்டையும் சதுப்பையும் தாண்டி, எனக்குத் தெரிந்த வாய்கள் எல்லாம் துணி சுற்றி மூடி வந்து நடு ஆற்றில் பெட்டியைச் சுற்றி நின்றன, மாவட்டம் காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது காலியாகவில்லை, அகலமாக இருந்தது, அவ்வளவுதான். யாரும் என் பாதியில் ஒரு அடி வைக்கவில்லை, உதவி என்று யாரும் ஓடிவரவில்லை, நின்று பார்த்தார்கள், அதுதான் அவர்கள் எனக்குக் கொடுத்த மரியாதை. கடைசிக் கன்றை இக்னாத்தின் கடைசிக் கன்றுக்கு எதிரே நட்டேன். இக்னாத் தொப்பியைக் கழற்றினான், தலையிலிருந்து ஆவி எழும்பியது, அவன் குரல் மாறியிருந்தது, என்னைத் தெரியாதவன்போல் கேட்டான், எந்த ஊரு. மத்வேயெவோ. எத்தனை பேரு. குளிரில் உதடு ஒட்டியிருந்தது, ஒரு தரம் பெட்டியைப் பார்த்தேன். ரெண்டு பேரு, என்றேன். இக்னாத் கணக்கில் பிழை சொல்லவில்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டான், குதிரையின் கழுத்தைத் தட்டினான், வாடா, ரெண்டு பேருக்குப் பாதை இருக்கு.

மண்ணின்மேல் நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினார்கள், எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பியபோது நான் திரும்பவில்லை, ரெண்டு பேர் என்று சொல்லியாகிவிட்டது, ப்ரோகோரின் வீட்டில் கணப்பை மூட்டினேன், காலையில் எழுந்ததும் முதல் வேலை புகை, அக்கரையில் ஜினாய்தா பார்த்துக்கொண்டிருப்பாள், வாரத்தில் சில நாள் அந்தக் கன்றுகளின் ஓரமாகவே நடந்துபோய்ப் பல் பார்த்துவிட்டு வருவேன், பனி இளகும்வரை. பிறகு ஒரு நாள் மதியம், கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது, பீரங்கி மாதிரி ஒரு சத்தம், ஓடிப்போய்க் கோயில் மேட்டில் அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், ஆறு கிளம்பிவிட்டது, முழு ஆறும், பாளம் பாளமாகப் பிளந்து வடக்கே நகர்கிறது, பாளங்களின்மேல் அந்தக் கன்றுகள் விழாமல் நின்றபடி போகின்றன, வரிசை கலைந்து, ஒன்றையொன்று தாண்டி, சுற்றிச் சுற்றி, ஒரு சின்னக் காடு எழுந்து வெண்கடலுக்கு நடந்துபோவதுபோல், இக்னாத் நட்டது எது, நான் நட்டது எது, எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.