எண்ணெய் பட்ட தோட்டாக்கள்

நைனா முகமது இழுத்துப் போட்ட நாற்காலியில் பொன்னுத்துரை உட்காரவில்லை. துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றபடியே இடுப்பு பெல்ட்டிலிருந்து ரிவால்வரை எடுத்து, தோட்டாக்களை உருவிவிட்டு வைத்தார். உள்ளங்கையில் முக்கால்வாசி அடங்கிவிடும் சின்னது. அப்பா வைத்திருந்தது; அவருக்குப் பின் உரிமம் இவர் பெயருக்கு வந்தது. சட்டைக்குள் அது இருப்பது சொந்த ஊரான அகரத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

"நாளைக்கு ஆயுத பூஜை பாய். புதுத் தோட்டா வேணும். இருக்கறதுலயே வலுவானதா எடுங்க."

"என்னய்யா திடீர்னு?"

"திங்கக்கிழமை கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறேன்."

நைனா முகமதுவுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. குளத்து மண்ணை லாரி லாரியாக அள்ளிய மலைச்சாமி மேல் வழக்கு. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஊரில் பொன்னுத்துரை ஒருவர்தான் மிச்சம். போன வாரம் மலைச்சாமி ஆள் விட்டுச் சொல்லியிருந்தான்: "பெரியவர வீட்டோட இருக்கச் சொல்லு. வழுக்கி விழுந்துறப் போறாரு." அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார்.

"அந்தச் செம்பு போர்த்தினதக் குடுங்க" என்றார்.

"அது பிஸ்டல் தோட்டா. உங்க ரிவால்வருக்குள்ள போகத்தான் செய்யும். ஆனா அதோட அழுத்தத்த தோட்டா போடுற இந்தப் பழைய உருளை தாங்காது. ஒங்க கையிலயே வெடிக்கும்."

"நுனியில குழி போட்டது? உள்ள போயி பூவா விரியுமாமே. எங்க மாப்பிள்ளை ஸ்ரீராம் சொன்னாரு."

"மாப்பிள்ளை ஏதாவது படத்துல பாத்திருப்பாரு. நம்ம கடைக்கு அது வராது. வந்தாலும் இம்புட்டுக் குட்டைக் குழாயில விரியிற வேகம் கெடைக்காது." நைனா முகமது ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். "சாதா ஈயம். உதை கம்மி. மொதத் தடவை சுட்டதும் கை ஆகாசத்துக்குப் போகாது."

"எங்க குடும்பத்து ஆளு கையில சாதாவா?"

"உங்க அப்பாரு வாங்கினதும் இதத்தான்யா."

பொன்னுத்துரை உரிமத்தை எடுத்து நீட்டினார். நைனா முகமது உரிமத்தைப் புரட்டினார். "உரிமத்துல உள்ள தோட்டா அளவு நெறஞ்சிருக்கு. பழசக் குடுத்தாத்தான் புதுசு தர முடியும்." பழைய தோட்டா ஒன்றை எடுத்தவர் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். "என்ன இது, நல்லெண்ணெய் வாசம்?"

"பூஜைக்கு வருசா வருசம் எண்ணெயில முக்கி எடுத்து, சந்தனம் குங்குமம் வைக்கிறது. எங்கம்மா வச்ச வழக்கம்."

நைனா முகமது தோட்டாவைத் திருப்பி அடிப்பக்கத்து வட்டத்தை வெளிச்சத்தில் காட்டினார். ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. "துப்பாக்கிக் குதிரை வந்து தட்டுற எடம் இது. எண்ணெய் உள்ள எறங்குனா மருந்து செத்துப்போகும். இதுல ஒண்ணாவது வெடிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எங்க வீட்டுப் பூஜையில குத்தம் சொல்றீகளா?"

"பூஜையில இல்ல. எண்ணெயில."

பொன்னுத்துரை அப்போதுதான் உட்கார்ந்தார். போன பங்குனியில் மலைச்சாமியின் லாரிக்கு முன்னால் குளத்துக் கரையில் தனியாக நின்றது ஞாபகம் வந்தது. கையைப் பெல்ட்டில் வைத்தபடி நின்றார். லாரி பின்னால் போனது. ஊரே அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது. இப்போது முதுகில் வேர்த்தது.

"இது வெளிய போகக் கூடாது பாய்."

"தோட்டா விக்கிறேன்யா. ரேடியோ நடத்தல."

அகரம் போகிற பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே போனார். வழியில் தாடிக்கொம்பு வருவதற்குள் பெல்ட்டை எத்தனை முறை தொட்டுப் பார்த்தாரோ. அகரத்தில் இறங்கிய இடத்தில் மலைச்சாமியின் ஆள் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். "கும்பிடுறேன் பெரியவரே" என்று சிரித்தான். பதில் வணக்கம் வைக்காமல், நடையை எட்டிப் போடாமல், நிமிர்ந்தே நடந்தார். தெரு திரும்பியதும்தான் மூச்சு வந்தது.

மறுநாள் பலகையில் டிராக்டர் சாவியும் அரிவாளும் ரிவால்வரும் வரிசையாக இருந்தன. மனைவி சொர்ணலட்சுமி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து புதுத் தோட்டாக்களுக்குக் கை நீட்டினாள்.

"அதுக்கு எண்ணெய் வேண்டாம்."

"அத்தை வச்ச வழக்கம். நீங்களா மாத்துறீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "எண்ணெய் பட்டா வெடிக்காதாம். பாய் சொன்னாரு."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு அவரை. "அப்ப குளத்துக் கரையில நின்னீங்களே, அன்னைக்கு?"

"அதுவும் எண்ணெய் போட்டதுதான்."

சொர்ணலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை. "வெறும் இரும்புத் துண்ட இடுப்புல சொருகிக்கிட்டா அம்புட்டுப் பேர வெரட்டுனீங்க?"

"சிரிக்காத. நானே ராத்திரி பூராம் தூங்கல."

"வீட்டோட இருந்துறலாம்னு தோணுதா?" இப்போது அவள் சிரிக்கவில்லை.

"தோணுச்சு." தோட்டாக்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடினார். "கோர்ட்டுக்குள்ள இத விடவும் மாட்டான். கூண்டுல நிக்கிறப்ப இடுப்புல ஒண்ணும் இருக்காது."

"அப்ப?"

"அன்னைக்கும் ஒண்ணும் இல்லாமத்தான நின்னேன். வெள்ளை வேட்டிய எடுத்து வையி. போறேன்."

அவள் டிராக்டர் சாவிக்கு எண்ணெய் தடவினாள், அரிவாளுக்குத் தடவினாள். அவர் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்.